காட்டுக்கும் மலைக்கும் போகும் தோல் சப்பாத்து: விற்பவர் தெரிந்திருக்க வேண்டியவை

கடைக்குள் பெட்டியில் இருந்தபடியே கெட்டுப்போகும் சாமான் எது என்று சப்பாத்து வியாபாரி ஒருவரிடம் கேட்டால் சிரிப்பார். மீனா, மரக்கறியா கெட்டுப்போக என்பார். நானும் பல வருடங்களாக அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த நினைப்புக்கு நான் கொடுத்த விலையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2018ஆம் ஆண்டு கொழும்பிலுள்ள மொத்த வியாபாரி ஒருவரிடம், கணுக்காலுக்கு மேல் உயரும் தோல் சப்பாத்துகள் நாற்பது சோடி எடுத்தேன். மலையேறுபவர்களும் காட்டுப் பக்கம் வேலைக்குப் போகிறவர்களும் அணிவதற்கான வகை அது. 22 சோடிகள் நல்லபடியாக விலை போயின. பிறகு 2019 ஏப்ரல் வந்தது. அதற்குப் பின்னர் எமது கடைகள் இருந்த நிலை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அடுத்த வருடம் கொரோனா. மிச்சம் 18 சோடிகளும் மேல்தட்டில் பொலித்தீன் உறையோடு கிடந்தன. 2022இல் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து சில மாதங்களுக்குள் 360 ரூபாவைத் தொட்டபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோசம். புதிதாக எடுப்பதானால் இரண்டு மடங்கு விலை. பழைய சரக்கு கையில் இருக்கிறது, ஆறுதலாக விற்போம் என்று நானே விலையையும் கூட்டி எழுதி வைத்தேன்.

சீனக்குடாப் பக்கத்துத் தம்பி ஒருவர், கூட்டாளிமாரோடு பாவா ஆதம் மலைக்குப் போவதற்காக அதில் ஒரு சோடி எடுத்துப் போனார். நான்காம் நாள் திரும்பி வந்தார். கையில் ஒரு பொலித்தீன் பை. அதைக் கல்லாவின் மேல் வைத்து, "காக்கா, இறங்கக்குள்ள பிஸ்கட் மாதிரி உதிர்ந்திட்டு. ரப்பர் பட்டியால கட்டிக்கொண்டு வந்தேன்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது. மேல் தோலில் ஒரு கீறல் இல்லை, தையல் அப்படியே இருக்கிறது. ஆனால் அடி மட்டும் ஈரச் சுண்ணாம்பு போல விரலில் ஒட்டுகிறது.

காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, மிச்சம் 17 சோடிகளையும் இறக்கிப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தேன். பதினொன்று வெடித்தது. ஒரு காலும் நுழையாத சப்பாத்துகள் அவை.

இதற்குக் காரணம் என்ன? இன்றைய சப்பாத்துகளில் பலவற்றின் அடியில் பொலியுரேதேன் என்ற நுரைப்பொருள் இருக்கிறது. பாரம் குறைவு, மெத்தென்று இருக்கும், செலவும் குறைவு என்பதால் கம்பனிகளுக்குப் பிடித்தமானது. அதில் பொலியெஸ்டர் வகையைச் சேர்ந்தவற்றுக்கு ஒரு பலவீனம் உண்டு. காற்றிலுள்ள ஈரம் மெல்ல மெல்ல உள்ளே புகுந்து அதன் இணைப்புகளை அறுக்கிறது. சூடும் சேர்ந்தால் வேலை இன்னும் வேகமாக நடக்கும். அணிந்தாலும் அணியாவிட்டாலும் இந்த அரிப்பு நிற்காது. செய்து சுமார் ஐந்து வருடங்கள் கடந்தால் எந்த நாளும் உதிரலாம். பொலித்தீன் உறைக்குள் ஈரம் அடைபட்டுக் கிடப்பது இன்னும் மோசம். குளிர்நாட்டுக் களஞ்சியத்தில் பல வருடம் தாக்குப் பிடிக்கும் சரக்கு, கடலை மூன்று பக்கமும் வைத்துக்கொண்டு தகரக் கூரையின் கீழ் கடை நடத்தும் எமது ஊரில் அவ்வளவு காலம் நிற்காது. மலையேறும் சப்பாத்துகளில் வெளியே தெரியும் அடி இறப்பராகவும், அதற்கும் தோலுக்கும் நடுவிலுள்ள தட்டு மட்டும் இந்த நுரையாகவும் இருக்கும். ஆகவே வெளி இறப்பரைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. நடுத்தட்டு உதிரும்போது இறப்பர் அடி முழுசாகக் கழன்று விழும்.

சரக்கு எடுக்கும்போது செய்த திகதியைக் கேளுங்கள். பாதுகாப்புச் சப்பாத்துகளில் இது இலகு. ஐ.எஸ்.ஓ. 20345 என்ற சர்வதேச நியமத்தின்படி அளவு, கம்பனி, வகை என்பவற்றோடு செய்த வருடமும் காலாண்டும் சப்பாத்திலேயே பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். நாக்கின் உட்புறத்திலோ அடியிலோ தேடினால் கிடைக்கும். மற்ற வகைகளில் திகதி இல்லாவிட்டால் பெருவிரலால் நடுத்தட்டை ஊன்றி அழுத்துங்கள், சப்பாத்தைக் கையால் நன்றாக வளையுங்கள். நூல் போன்ற வெடிப்போ, பிசுபிசுப்போ, மாவோ தென்பட்டால் அதை எந்த விலைக்கும் எடுக்க வேண்டாம். 'கிளியரன்ஸ் லொட்' என்று பாதி விலைக்கு வருவதில் இப்படிப்பட்டவை கலந்திருக்க இடமுண்டு.

இந்தச் சரக்கை எமது ஊரில் யார் வாங்குகிறார்கள் என்று பார்ப்போம். வெளிநாட்டில் இத்தகைய சப்பாத்தை மலையடிவாரக் கடைகளில் வேட்டைக்காரருக்கு என்றே விற்கிறார்கள். இங்கே அந்த வாடிக்கையாளர் இல்லை, இருக்கவும் கூடாது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சாமுவேல் பேக்கர் போன்ற வெள்ளைக்காரர்கள் மின்னேரியாக் காடுகளில் யானை வேட்டையாடிப் புத்தகம் எழுதியது பழைய கதை. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வன விலங்கு, தாவர பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிற்காலத் திருத்தங்களும் அந்தக் கதையை மூடிவிட்டன. 'வேட்டைச் சப்பாத்து' என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், எமது வாடிக்கையாளர் நில அளவைக்காரரும், வன இலாகா ஊழியரும், மின்கம்பி இழுப்பவரும், கிண்ணியா மூதூர்ப் பக்கத்தில் மாட்டுப் பட்டி வைத்திருப்பவரும், விடுமுறைக்கு மலையேறும் இளைஞரும்தான்.

சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளையும் இதில் சேர்க்க வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டப்பட்டு எஞ்சியிருக்கும் 99 தாங்கிகளில் பெரும்பகுதி நீண்ட காலமாகக் காட்டுக்குள்ளேயே கிடந்தன. 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கையின்படி 14 லங்கா ஐ.ஓ.சி.யிடமும், 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனியிடமும் என்று பிரிக்கப்பட்டுள்ளன. அந்தப் பற்றைக்குள் வேலை செய்ய இறங்குகிறவனுக்கு முள்ளும் பாம்பும் உண்டு. புடையன் கடி பெரும்பாலும் பாதத்திலும் கணுக்காலிலும்தான் விழுகிறது. கணுக்காலை மூடும் தடித்த தோல் அவனுக்கு நாகரிகம் அல்ல.

அஷ்ரப் இறங்குதுறையிலும், பிரிமா மா ஆலையிலும், டோக்கியோ சீமெந்திலும் வேலை செய்பவர்களுக்கு வேண்டியது இன்னொரு வகை. இங்கேதான் எமது கடைகளில் அடிக்கடி பிழை நடக்கிறது. முன்பக்கம் இரும்புத் தொப்பி வைத்த சப்பாத்தை மலையேறப் போகிறவனுக்கும் 'நல்ல பாரமான சாமான்' என்று கட்டிக் கொடுக்கிறோம். அந்த இரும்பு 200 ஜூல் அடியைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. தலைக்கு மேலே பாரந்தூக்கி ஆடும் இடத்தில் அது விரல்களைக் காப்பாற்றும். பாவா ஆதம் மலையின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கும்போதோ விரல்கள் ஒவ்வொரு படிக்கும் அந்த இரும்பில் போய் மோதும். அடுத்த வாரம் நகம் கறுத்து விழும். துறைமுக வேலைக்கு வருபவருக்கு எஸ் 3 என்ற குறியுள்ளதைக் கொடுக்கலாம். அதில் தண்ணீர் புகாத மேற்பகுதியும், ஆணி ஏறாத தட்டும், பல்லுள்ள அடியும் சேர்ந்திருக்கும். காட்டுக்கும் மலைக்கும் போகிறவருக்கு இரும்பு இல்லாததையே கொடுங்கள்.

தோலைப் பார்க்கும் கண் எமது முன்னோரிடம் இருந்தது. கடலுக்கு அப்பால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் முஸ்லிம் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாகத் தோல் பதனிட்டு, சென்னைப் பெரியமேட்டுச் சந்தை வழியாக உலகெங்கும் அனுப்பினார்கள். ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் வாரக்கணக்காக ஊறிய அந்தத் தோலுக்கு இலண்டனில் தனிப் பெயரே இருந்தது. இன்று அந்த ஊர்களிலும் பெரும்பாலும் குரோம் உப்பில் விரைவாகப் பதனிடும் முறைதான். சப்பாத்தின் மேற்பகுதிக்கு அது பொருத்தமானதும்கூட. குரோம் தோல் தண்ணீரையும் சூட்டையும் கூடுதலாகத் தாங்கும். பதனிட்ட கழிவு பாலாற்றை என்ன செய்தது என்பது வேறு கதை. 1996இல் இந்திய உச்ச நீதிமன்றம் வரை போன விடயம் அது.

விற்பவர் அறியவேண்டியது தோலின் எந்தப் பகுதி என்பதைத்தான். மாட்டுத் தோலின் மேற்பரப்பு சீவப்படாமல், மயிர்த்துளைகள் தெரியும்படி இருப்பது முதல் தரம். அதன் மேலே தழும்பும் கொசுக்கடி அடையாளமும்கூட இருக்கும். வாடிக்கையாளர் அதைக் குறை என்பார், நீங்கள் அதுதான் அசல் என்று விளங்கப்படுத்த வேண்டும். தழும்பைத் தேய்த்து எடுத்து, சாயம் பூசி, செயற்கையாக வரி அழுத்தியது இரண்டாம் தரம். தோலை இரண்டாகப் பிளந்து, கீழ்ப்பகுதியின் மேல் பிளாஸ்டிக் பூச்சுப் பூசியது மூன்றாம் தரம். பளபளப்பில் இந்த மூன்றாவதுதான் எல்லாவற்றையும் மிஞ்சும். கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கட்டைவிரலால் உள்ளிருந்து தள்ளினால் அசல் தோலில் மெல்லிய சுருக்கங்கள் விரிந்து பரவும். பூச்சுப் பூசியதில் ஒரே மடிப்பு விழும். சில மாதங்களில் அந்த மடிப்பில்தான் உரியத் தொடங்கும். காட்டுக்குப் போகும் சப்பாத்துக்கு இரண்டரை மில்லிமீற்றர் அளவு தடிப்பு இருந்தால் போதும், முள் இலகுவில் ஏறாது.

உள்ளே ஒட்டியிருக்கும் உறைத்தோலையும் பாருங்கள். வெளித்தோல் மாடு, உள்தோல் பன்றி என்று வரும் சரக்கு உண்டு. மிருதுவாகவும் மலிவாகவும் இருப்பதால் சில நாடுகளில் அதைத் தாராளமாகப் பாவிக்கிறார்கள். பன்றித் தோலில் மயிர்த்துளைகள் மூன்று மூன்றாக முக்கோணம் போல் அமைந்திருக்கும். நல்ல வெளிச்சத்தில் பூதக்கண்ணாடியால் பார்த்தால் தெரியும். பதனிடுவதால் அது சுத்தமாவதில்லை என்பது நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின் நிலைப்பாடு. வாடிக்கையாளர்களில் சிலர் பயணத்தில் வுழூவின்போது கணுக்காலை மூடிய இந்தச் சப்பாத்தின் மீதே மஸஹ் செய்ய நினைப்பார்கள். உள்ளே எந்தத் தோல் என்ற கேள்வி அவர்களுக்குச் சும்மா கேள்வி அல்ல. தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுவது கடைக்காரருக்குப் பாதுகாப்பு.

அடியைப் பொறுத்தவரை, பல்லுள்ள இறப்பர் அடிக்கு ஒரு வரலாறு உண்டு. அதற்கு முன் மலையேறிகள் ஆணி அடித்த சப்பாத்தைத்தான் அணிந்தார்கள். 1935இல் இத்தாலி மலையொன்றில் தன்னோடு வந்த ஆறு பேர் இறந்துபோக, தகுந்த பாதணி இல்லாமையும் அதற்கு ஒரு காரணம் என்று கண்ட விட்டாலே பிரமானி என்பவர், 1937இல் இறப்பரால் ஆழமான பல் வைத்த அடியை உருவாக்கினார். இன்று 'விப்ரம்' என்று மஞ்சள் முத்திரையோடு வருவது அவருடைய பெயரின் சுருக்கம்தான். போலி முத்திரையும் வருகிறது. முத்திரையை விட்டுவிட்டு, அடி ஒட்டப்பட்டதா தைக்கப்பட்டதா என்று பாருங்கள். சுற்றிவரத் தோல் பட்டி வைத்துத் தைத்தது விலை கூட, பாரமும் கூட. ஆனால் தேய்ந்தபின் பழைய அடியைக் கழற்றிப் புதியது தைக்கலாம். மற்றது தேய்ந்தால் அநேகமாகக் குப்பைதான்.

இனி அளவு. எமது மக்களில் அனேகமானோர் வருடம் முழுவதும் செருப்போடு நடப்பவர்கள். பாதத்தின் முன்பகுதி விரிந்திருக்கும். ஐரோப்பியக் காலுக்கு வெட்டிய ஒடுக்கமான அச்சில் அவர்களின் சுண்டுவிரல் நசியும். உடனே ஓர் இலக்கம் பெரியதைக் கொடுத்துச் சமாளிக்கிறோம். நீளம் கூடுகிறது, குதி உள்ளே ஆடுகிறது, ஆடுகிற இடத்தில் கொப்புளம் போடுகிறது. அகலமான அச்சில் வரும் சரக்கைத் தேடி எடுப்பதே வழி. பிரித்தானிய இலக்கம் 8 ஐரோப்பிய 42க்குக் கிட்ட வரும் என்றாலும் கம்பனிக்குக் கம்பனி வேறுபடும், ஆகவே இலக்கத்தை நம்பாமல் காலை நம்புங்கள்.

நான் இப்போது கடையில் செய்வது இதுதான். காலையில் வருபவரிடம், முடியுமானால் அஸருக்குப் பின் வாருங்கள் என்று சொல்கிறேன். பகல் முழுக்க நின்ற கால் வீங்கியிருக்கும், மலையிலும் அப்படித்தான் வீங்கும். இரண்டு காலையும் அளந்து பெரிய காலுக்குப் பொருத்துகிறேன். நடக்கும்போது அணியப்போகும் அதே தடித்த காலுறையைக் கொண்டுவரச் சொல்கிறேன். நூலைக் கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும். பிறகு கட்டிவிட்டு, சாய்வாக வைத்திருக்கும் பலகையில் கீழ்நோக்கி நிற்கச் செய்கிறேன். விரல் முன்னே முட்டினால் அந்தச் சோடி அவருக்கு இல்லை. இந்தப் பலகை பழைய மரத்தில் அடித்தது, செலவு ஒன்றுமில்லை. அதில் ஏறி நின்று வாங்கியவர்களில் இதுவரை ஒருவரும் அளவு மாற்ற வரவில்லை.

புதுச் சப்பாத்து கடிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாளைக்கு மலைக்குப் போகிறேன் என்று இன்று வாங்குகிறவர்தான் அதிகம். தடித்த தோல் ஒரு நாளில் காலுக்குப் பழகாது. பாதம் மடியும் இடத்தில் தோல் மடியப் பழகவேண்டும், உள்ளடியில் பாதத்தின் அச்சு விழவேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரம் எடுக்கும். முதல் சில நாள் வீட்டுக்குள்ளேயே ஒரு மணி, இரண்டு மணி நேரம் அணியச் சொல்லுங்கள். அடியில் அழுக்குப் படாதவரை மாற்றித் தருவேன் என்று நான் சொல்வதும் இந்த நாட்களுக்காகத்தான். அடுத்த வாரம் கடைத்தெருவரை, பிறகு உட்துறைமுக வீதியில் ஒரு நீண்ட நடை, கடைசியாக முதுகுப் பையில் சாமான் வைத்துக்கொண்டு கன்னியாப் பக்கம் ஒரு சுற்று. எங்கேயாவது சூடாக உரசுவது தெரிந்தால் அப்போதே நின்று அந்த இடத்தில் பிளாஸ்டர் ஒட்டவேண்டும். கொப்புளம் வந்தபின் ஒட்டி என்ன பயன்? பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துத் தோலை ஊறச்செய்யும். கம்பளி அல்லது செயற்கை நூல் கலந்ததே நல்லது.

சீனி வருத்தம் உள்ளவர் என்று தெரிந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பாதத்தில் உணர்வு குறைந்தவருக்குச் சப்பாத்து கடிப்பதே தெரியாது. ஒவ்வொரு தடவையும் கழற்றியபின் பாதத்தைப் பார்க்கும்படி சொல்லி அனுப்புங்கள்.

சப்பாத்தைத் தண்ணீரில் ஊறவைத்து அணிந்தால் கெதியாகப் பழகும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. பழைய பட்டாளத்து வைத்தியம். ஒட்டிய அடியுள்ள இன்றைய சப்பாத்துக்கு அது நஞ்சு. தேங்காய் எண்ணெய் தடவுவதும் அப்படியே. தோல் அளவுக்கு மீறி இளகிவிடும், மாரியில் பூஞ்சணமும் பிடிக்கும். நனைந்த சப்பாத்தைக் கச்சான் காற்று வீசும் மாதங்களில் கூரைத் தகரத்தின் மேல் காயவைக்கிறவர்களை என்ன சொல்வது! ஒரே நாளில் தோல் விறைத்து வெடிக்கும். உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் வைத்து, தாளை இரண்டு தடவை மாற்றினால் மறுநாள் காய்ந்துவிடும். கடலோரம் நடந்தவர் உப்பை ஈரத் துணியால் துடைத்துவிட்டுத்தான் மெழுகு பூசவேண்டும்.

கடைக்காரரும் இருப்பை இதேபோல் பார்க்கவேண்டும். நான் இப்போது ஒவ்வொரு பெட்டியிலும் செய்த வருடத்தைப் பென்சிலால் எழுதுகிறேன், தெரியாவிட்டால் எடுத்த வருடத்தை. பொலித்தீனைக் கழற்றிவிட்டுக் காகித உறையோடு வைக்கிறேன். கூரைக்குக் கிட்டிய மேல்தட்டில் ஒன்றும் வைப்பதில்லை. மூன்று வருடம் கடந்த நுரையடிச் சரக்கை, வருடத்தைச் சொல்லி, விலை குறைத்துத் தள்ளிவிடுகிறேன். நாற்பது சோடி எடுப்பதில்லை. ஆறு ஆறாக எடுக்கிறேன். ஒரு சோடிக்கு விலை சற்றுக் கூடத்தான் வருகிறது.

அந்தப் பதினொரு சோடிகளுக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மொத்த வியாபாரி பொறுப்பெடுக்கவில்லை. ஐந்து வருடம் கழித்து வந்து கேட்டால் அவரும் என்ன செய்வார் என்று இப்போது தோன்றுகிறது. சந்தைக்குப் பக்கத்தில் சப்பாத்துத் தைக்கும் ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதலாளி, தோல் முதல் தரம். இதை எறியாதீங்க" என்றார். உதிர்ந்த நுரையை முழுசாகச் சுரண்டி எடுத்து, இறப்பர் அடி வெட்டி ஒட்டிச் சுற்றிவரத் தைத்துக் கொடுத்தார். ஒன்பது தேறின, இரண்டு தேறவில்லை. முன்பு போட்ட விலையில் பாதிக்கும் குறைவாக, 'அடி மாற்றியது' என்று அட்டையில் எழுதி வைத்தேன். பட்டிக்காரர்கள் எட்டுச் சோடிகளை ஒரு மாதத்துக்குள் எடுத்துவிட்டார்கள். ஒன்பதாவது சோடியைப் பொலித்தீன் பையோடு வந்த சீனக்குடாத் தம்பிக்குக் காசு வாங்காமல் கொடுத்தேன். போன பெருநாளைக்குக் கடைப்பக்கம் வந்தபோதும் அதைத்தான் போட்டிருந்தார்.